நையாண்டி மேளத்தை ஐபேடில் பதிவது: கைகண்ட விஷயங்கள்

வைகைக்கரையான்:
ஊர்ப் பொங்கல், முளைப்பாரி என்று மேளம் பதியக் கிளம்புகிற எல்லோரும் முதலில் கேட்பது எந்த ஆப் நல்லது என்றுதான். இலவசமாகக் கிடைக்கும் காரேஜ்பேண்டே போதும். பதிவு கெடுவது ஆப்பில் இல்லை, உள்ளே வரும் சத்தத்தின் அளவில். ஐபேடின் சொந்த மைக் தவிலுக்குப் பக்கத்தில் தாங்காது, ஒவ்வோர் அடிக்கும் உடையும். மைக்கை ஐபேடோடு இணைக்கும் பெட்டியான, இரண்டு உள்ளீடு உள்ள யூஎஸ்பி இன்டர்ஃபேஸும், ஷூர் எஸ்எம்57 மாதிரி இரண்டு டைனமிக் மைக்கும் எடுங்கள்.

நாயனத்துக்கு ஒரு மைக்: இரண்டரை அடி தள்ளி, வாசிப்பவர் விரல் ஓடும் துளைகளைப் பார்த்து இருக்கட்டும். அணசுக்கு, அதாவது நாயனத்தின் விரிந்த வாய்க்கு, நேரே வைத்தால் கீழ் சுரங்கள் மட்டும் அலறும், மேலே போகும்போது சத்தம் மெலியும். இன்னொரு மைக்கை இரண்டு தவிலுக்கும் நடுவில், விரலால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் சற்றுத் திருப்பி, ஒரு முழம் தள்ளி வையுங்கள். விரலில் மாட்டும் கூட்டின் 'டக்' வலந்தலையில்தான் கிடைக்கும். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனம் எங்கே வைத்தாலும் வந்துவிடும்.

அளவு பார்க்க ஆரம்ப ஆலாபனையை வாசிக்கச் சொல்லாதீர்கள். முடிப்பு அடியான தீர்மானத்தை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி உள்ளீட்டு அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயினைத் திருகுங்கள். செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பகுதியில் 24 பிட்டை ஆன் செய்துவிட்டால் அளவு குறைவாகப் பதிந்தாலும் இரைச்சல் வராது. 'மல்டிடிராக் ரெக்கார்டிங்'கும் அதே இடத்தில்தான். அதைப் போடாவிட்டால் இரண்டு மைக்கையும் ஒரே நேரத்தில் தனித்தனி டிராக்கில் பதிய முடியாது.

மேலூர் ரோடு:
அண்ணே, அதோட இதையும் சேர்த்துக்கிடுங்க. காரேஜ்பேண்ட்ல புதுப் பாட்டு திறந்தா ஒரு செக்‌ஷன் எட்டு பார்தான் (பார்னா ஒரு தாளக் கட்டம்). ரெக்கார்டு அமுக்குனதும் எட்டு பார்ல சுத்தி முதலுக்கே வந்துரும். வலது மூலையில இருக்குற பிளஸ் குறியத் தொட்டு, செக்‌ஷன் ஏ-ல 'ஆட்டோமேட்டிக்' போடணும். தாளம் எண்ணுற மெட்ரோனோமையும் அணைச்சிருங்க, மேளக்காரங்களுக்கு அது எதுக்கு? ஏரோபிளேன் மோடு கட்டாயம். ஐபோன் வச்சிருக்கவங்களுக்கு அழைப்பு ஐபேடுக்கும் வரும், பதிவு பாதியில நின்னுரும். ராத்திரி பூராம் பதியணும்னா காரேஜ்பேண்ட் வேணாம், பாட்டு நீளத்துக்கு அதுல எல்லை இருக்கு. ஏயூஎம் ஆப் நேரா ஃபைலா எழுதிரும்.

ரேடியோ செட்:
மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. லைட்னிங் போர்ட் உள்ள பழைய ஐபேடில் இன்டர்ஃபேஸை நேராகச் செருகினால் 'அதிக மின்சாரம் கேட்கிறது' என்று மறுத்துவிடும். பக்கத்தில் சார்ஜர் குத்த இடம் உள்ள கேமரா அடாப்டர் வேண்டும். யூஎஸ்பி-சி ஐபேடில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் மதுரை டவுன்ஹால் ரோட்டில் மலிவாகக் கிடைக்கும் சில கேபிள்கள் சார்ஜுக்கு மட்டும்தான். உள்ளே டேட்டா கம்பியே இருக்காது. வாங்கும்போதே ஒரு பென்டிரைவைச் செருகிப் பாருங்கள்.

ஜெனரேட்டர் லைனில், சீரியல் செட் எரியும் அதே பலகையில் சார்ஜரைக் குத்தினால் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' பதிவு முழுக்க ஓடும். பிறகு வெட்டினால் தவிலின் கனமும் சேர்ந்து போகும். பவர்பேங்கில் ஓட்டுங்கள், நின்றுவிடும்.

மைக் செட் போடும் எங்கள் மிக்ஸரிலிருந்து வயர் கேட்டால் தருகிறோம். அதை மைக் உள்ளீட்டில் குத்தாதீர்கள், லைனில் குத்துங்கள். நடுவே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லைன் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் எர்த் சுற்று அறுந்து இரைச்சல் அடங்கும். ஒன்று மட்டும், குழாய் ஸ்பீக்கருக்காக நாங்கள் கீழ்ச்சத்தத்தை வெட்டித்தான் வைத்திருப்போம். அந்த வயரை மட்டும் நம்பினால் தவில் தகர டப்பா மாதிரி இருக்கும்.

அணசு:
பதிந்ததை வீட்டில் போட்டுக் கேட்டால் நாயனத்தின் சுருதி முக்கால் கட்டை ஏறியிருக்கிறது என்று பலர் குழம்புகிறார்கள். வாத்தியத்தில் குறை இல்லை. சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 மாதிரிகள்) பதிந்த ஃபைலை 48 என்று நினைத்து ஆப் ஓட்டினால் வேகம் சுமார் 9 சதவீதம் கூடும், சுருதி ஒன்றரை அரைச்சுரம் ஏறும். இரண்டு கட்டை நாயனம் இரண்டே முக்காலில் கேட்கும். ஆப்பில் மாற்ற வழி இருந்தால் இன்டர்ஃபேஸ், ஆப், வீடியோ மூன்றையும் முதலிலேயே 48-இல் வைத்துவிடுங்கள்.

காரேஜ்பேண்டில் தாள அளவு 3/4, 4/4, 6/8 மூன்றுதான். ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்கு லூப் செய்ய வேண்டுமானால் 4/4-இல் ஏழு பார் செக்‌ஷன் வையுங்கள். 28 எண்ணிக்கை, ஏழேழாக நான்கு ஆவர்த்தனம், லூப் சரியாக எடுப்பில் வந்து விழும். மெட்ரோனோம் கிளிக்கின் அழுத்தம் தப்பான இடத்தில் விழுவதால் அதை அணைத்துவிட வேண்டும். 7/8 நேராக வேண்டுமென்றால் 2023-இல் ஐபேடுக்கு வந்த லாஜிக் ப்ரோ இருக்கிறது, ஆனால் அது சந்தா.

திரையிலேயே வாசிப்பவர்களுக்கு: பியானோ கட்டையில் கமகம் வராது. ஜியோஷ்ரெட் மாதிரி விரலை இழுத்து வாசிக்கும் ஆப் வேண்டும். மகேஷ் ராகவன் கர்நாடக சங்கீதம் வாசிப்பது அதில்தான். 'பிட்ச் ரவுண்டிங்' அதிகமாக இருந்தால் தோடி காந்தாரம் பக்கத்துச் சுரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், குறையுங்கள்.

மேலூர் ரோடு:
புளூடூத் ஹெட்போன் வச்சு வாசிக்கலாமாண்ணே?

அணசு:
கூடாது தம்பி. புளூடூத்தில் 150 மில்லிசெகண்டுக்கு மேலேயே தாமதம் ஆகலாம். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் அது கால் அடி. வயர் ஹெட்போன், பஃபர் (ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் மாதிரிகள்) 128 அல்லது 256. 48-இல் 256 என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவர் வாசிப்பு காதுக்கு வரவே அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகும்.

வைகைக்கரையான்:
சித்திரையில் பதிவதாக இருந்தால் வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு 35 டிகிரி. அதற்கு மேல் திரை மங்கும், சார்ஜ் ஏறாது, கடைசியில் எச்சரிக்கை காட்டிப் படுத்துவிடும். உறையைக் கழற்றி, நிழலில், அடியில் காற்றுப் போகும்படி நிறுத்துங்கள். சூடேறிவிட்டது என்று ஐஸ்பெட்டியில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். உள்ளே நீர் கோத்து போர்டே போய்விடும்.

இடமும் பாருங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், இரண்டு சேனல் என்றால் நிமிடத்துக்கு 17 எம்பி, மணிக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல். எட்டு சேனல் போனால் மணிக்கு நாலு ஜிபி.

மேலூர் ரோடு:
ஆண்ட்ராய்டு டேப்லெட் வச்சிருக்கவங்க ஆடியோ எவல்யூஷன் மொபைல் பாருங்க. யூஎஸ்பி டிரைவர் அதுக்கே சொந்தமா இருக்கு, தனியா காசு. அது இல்லாம சில டேப்லெட்ல இன்டர்ஃபேஸோட ரெண்டாவது மைக்கே தெரியாது.