ஃபின்ச் குஞ்சு மூணு நாளுக்கு மேல நிக்க மாட்டேங்கு, தாய் தள்ளிவிடுதா தானா விழுதா?

டவுன்_தார்சா | காலை 6:50

எல்லாருக்கும் வணக்கம். திருநெல்வேலி டவுன்ல இருந்து எழுதுதேன். ஒரு ஜோடி ஸீப்ரா ஃபின்ச் குருவி வச்சிருக்கேன், போன கார்த்திகையில பாளையங்கோட்டையில ஒரு கடையில வாங்கினது. ஜோடியில சந்தேகம் இல்ல, ஆணுக்குக் கன்னத்துல ஆரஞ்சுத் திட்டும் நெஞ்சுல வரியும் இருக்கு, பெட்டை வெறும் சாம்பல். வீட்டு முன்கட்டுத் தார்சாவுல கூண்டு தொங்குது, உள்ள கூடு கட்ட ஒரு மண்கலயம், சாப்பாடு தினை, தண்ணி, அவ்வளவுதான்.

பங்குனியில அஞ்சு முட்டை போட்டு ஒண்ணுகூடப் பொரிக்கல, சரி வெயிலுன்னு விட்டுட்டேன். சித்திரை கடைசில திரும்பவும் அஞ்சு போட்டு நாலு பொரிச்சுது, எங்க ஆச்சிய கண்ணாடி போட வச்சு கூட்டிட்டு வந்து காட்டினேன், "இதென்னலே, ஊறப்போட்ட மொச்சப்பயறு மாதிரி இருக்கு"ன்னா. மூணாம் நாள் காலையில பாத்தா நாலும் கூண்டுத் தட்டுல கெடக்கு, எறும்பு மொய்ச்சுட்டு. இப்ப மூணாவது அடை. அஞ்சுல மூணு பொரிச்சு இன்னையோட ரெண்டு நாள், விடிகாலையில ஒண்ணு கீழ செத்துக் கெடந்துது. மிச்சம் ரெண்டும் உள்ள இருக்கு, லேசா சத்தம் கேக்கு.

நானும் என்னால ஆனதெல்லாம் பண்ணுதேன், தெனம் நாலஞ்சு வாட்டி மொபைல் டார்ச் அடிச்சுப் பாக்கேன், கூடு மெத்துன்னு இருக்கட்டும்னு தேங்காநாரும் சாக்கு நூலும் போட்டுட்டேதான் இருக்கேன். தாய்தான் தள்ளிவிடுதுன்னு கடைக்காரர் சொல்லுதாரு, வேற பெட்டை வாங்கணுமாம். ரெண்டு வாரத்துல நெல்லையப்பர் கோயில் ஆனித்தேர் வேற, எங்க தெருவுல வெடிச்சத்தத்துல நமக்கே தூக்கம் வராது. மிச்சம் ரெண்டையும் எடுத்து நானே ஊட்டி வளத்துரவா? யாராவது சீக்கிரம் சொல்லுங்க, ஆபீஸ்ல உக்காந்து இதத்தான் யோசிச்சுட்டு இருக்கேன்.

பேட்டைக்காரன் | காலை 8:15

வே, இதுக்குப் போயி கவலப்படுதீரே. சிரிஞ்சுல பசும்பால் ரெண்டு சொட்டு விடும், எங்க மாமா கிளிக்குஞ்சு அப்படித்தான் வளத்தாரு. இல்லையா, வயல்ல சில்லை புடிக்கவங்ககிட்ட ஒரு ஜோடி வாங்கி அது கூட்டுல இதத் தூக்கி வச்சிரும். அதுவும் தினைக்குருவி இதுவும் தினைக்குருவி.

அம்பை_அக்கா | காலை 9:40

பேட்டைத் தம்பி, ரெண்டுமே வேண்டாம்யா. பறவைக்குப் பால் செரிக்காது, வயித்தால போயே செத்துரும். அதுவும் ரெண்டு நாள் குஞ்சுக்கு வாயில தண்ணியா எத ஊத்தினாலும் மூச்சுக்குழாய்க்குள்ள போயி நிமிஷத்துல முடிஞ்சிரும். சில்லை நம்ம ஊர்ப் பறவை, அதப் புடிக்கதும் விக்கதும் கூண்டுல வளக்கதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம். ஸீப்ரா ஃபின்ச் ஆஸ்திரேலியாப் பறவைங்கதாலதான் நாம கடையில வாங்கி வளக்கோம். அடுத்தவ கூட்டுல வச்சு வளக்கணும்னா அதுக்குன்னே பெங்காலீஸ் ஃபின்ச் இருக்கு, யாரு முட்டையக் குடுத்தாலும் அடை உக்காரும், ஆனா அதுக்கும் அதே சமயம் குஞ்சு இருக்கணும். சும்மா இருக்கத தூக்கிட்டு வந்து இந்தா வளன்னா வளக்காது.

டவுன் தம்பி, நீங்க எழுதினதப் படிச்சா எனக்குத் தாய் மேல கோவம் வரல. செத்த குஞ்ச போட்டோ எடுத்தீங்களா? எடுத்திருந்தா பெரிசாக்கி ரெண்டு எடத்தப் பாருங்க. ஒண்ணு கழுத்து, வலப்பக்கம். ஃபின்ச் குஞ்சுக்குத் தோலு கண்ணாடி மாதிரி, தின்ன தீனி அங்கன இருக்க தீனிப்பையில வெள்ளை வெள்ளையா வெளிய தெரியும். அது உப்பிட்டு இருக்கா, சுருங்கி ஒட்டிக் கெடக்கா? ரெண்டாவது காலு. நூலு நாரு ஏதாவது சுத்தியிருக்கா? இதச் சொல்லுங்க, மிச்சத்த அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் டார்ச்ச உள்ள வைங்க.

டவுன்_தார்சா | மதியம் 1:20

அக்கா, போட்டோ இருந்துது. சாப்பாட்டு நேரத்துல பெரிசாக்கிப் பாத்தேன், சோறு எறங்கல. கழுத்துல ஒண்ணுமே இல்ல, தோலு சுருங்கிக் கெடக்கு. வலது கால்ல சாக்கு நூல் ஒண்ணு ரெண்டு சுத்து சுத்தி மறு நுனி நீளமா தொங்குது, காலு அந்த எடத்துல ஊதா நிறத்துல வீங்கியிருக்கு. நான் போட்ட நூலுதான். காலையில குப்பைன்னு நெனச்சேன்.

அம்பை_அக்கா | மதியம் 2:05

அப்ப யாரும் தள்ளல தம்பி. தாயோ தகப்பனோ கூட்ட விட்டு வெளிய பறக்கும்போது அந்த நூலு நகத்துல மாட்டி குஞ்சையும் சேத்து இழுத்துட்டு வந்திருக்கு. எனக்கும் முதல் வருஷம் இதே கததான், நான் போட்டது பஞ்சு, அது இன்னும் மோசம், கால்ல சுத்துனா பிரிக்கவே முடியாது. நாரோ காஞ்ச புல்லோ ரெண்டு மூணு இஞ்சுக்கு நறுக்கித்தான் போடணும், அதுவும் முட்டை போடுததுக்கு முன்னாடி. முட்டை வந்தப்புறமும் நாரு கண்ணுல பட்டா ஆணுக்குக் கை நிக்காது, இருக்க முட்டைய மூடி அது மேல இன்னொரு மெத்தை கட்டிட்டு அங்கன புதுசா முட்டை போட வச்சிரும். உங்க பங்குனி முட்டைல பாதி அப்படிப் போயிருக்கும்னுதான் எனக்குப் படுது. இன்னைக்கு சாயந்திரம் ஒரே ஒரு தடவ, ரெண்டும் தீனி தின்ன எறங்கும்போது, கத்தரிக்கோல வச்சு வெளிய தொங்குத நூல மட்டும் வெட்டி எடுங்க. கூட்டக் கலைக்காதீங்க. கை பட்டா சேக்காதுங்கது கட்டுக்கத, அதுக்குப் பயப்பட வேண்டாம், ஆனா நாளைக்கு அஞ்சு தடவ எட்டிப் பாத்தா அது அடைய விட்டு எந்திரிக்கும், தூவி மொளைக்காத குஞ்சு அந்த நேரத்துல ஜில்லுன்னு ஆயிரும்.

அடுத்தது தீனி. பொரிச்ச அன்னைக்கு வயித்துல மஞ்சக்கரு மிச்சம் இருக்கும், அரை நாள் ஊட்டாட்டியும் தாங்கும். அப்புறம் தாய் தகப்பன் ரெண்டும் தின்னத கக்கி ஊட்டுது. அதுகளுக்கே வெறும் தினைன்னா குஞ்சுக்கு எதக் குடுக்கும்? ஒரு முட்டைய நல்லா அவிச்சு ஓட்டோட நசுக்கி, ரஸ்க்கு ஒண்ணப் பொடிச்சுக் கலந்து உதிரியா வைங்க. இதுவரை பாக்காத தீனின்னா பக்கத்துல போகாது, மேல நாலு தினையத் தூவி விடுங்க, தினையக் கொத்துத சாக்குல முட்டையும் உள்ள போகும். நம்ம வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல எடுத்துரணும், இல்லன்னா புளிச்சிரும். தினைய ராத்திரி ஊறப்போட்டு காலையில ரெண்டு மூணு தண்ணில அலசி துணில கட்டி வச்சா மறுநாள் வெள்ளையா முனை விடும், அது குஞ்சுக்கு அமிர்தம். கணவாய் ஓடு ஒண்ணு கூண்டுல எப்பவும் மாட்டியிருக்கணும், சுண்ணாம்புச் சத்து இல்லன்னா பெட்டைக்கு முட்டை உள்ளயே சிக்கிக்கும். என்னைக்காவது அது உடம்ப உப்பிட்டு கூண்டுத் தரையில உக்காந்திருந்தா வைத்தியம் பாக்காதீங்க, ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க.

நானே வளக்கவான்னு கேட்டீங்கல்ல, ஒரு வாரத்துக்குள்ள உள்ள ஃபின்ச் குஞ்ச கையால வளக்கது பெரும்பாடு. விடிஞ்சதுல இருந்து இருட்டுத வரைக்கும் அரைமணிக்கு ஒருக்க ஊட்டணும், சூடு 35 டிகிரி குறையாம இருக்கணும், நீங்க ஆபீஸ் போறவரு. தாய் தகப்பனுக்கு ஊட்டுங்க, அதுக குஞ்சுக்கு ஊட்டும்.

ஒண்ணு மறந்துட்டேன். இனிமே கீழ கெடந்தா செத்துட்டுன்னு உடனே குப்பையில போடாதீங்க. போன வருஷம் ஒண்ணு கல்லு மாதிரி ஜில்லுன்னு கெடந்துது, அரிசி களையப் போனவ அப்படியே உள்ளங்கையில மூடி வச்சுட்டு நின்னேன், பத்து நிமிஷம் இருக்கும், கைக்குள்ள எறும்பு ஊருத மாதிரி ஒரு அசைவு. சூடு ஏறினப்புறம் கூட்டுல விட்டேன். அதுதான் இப்ப எங்க வீட்டுல சத்தக்காரன்.

தென்காசி_சாரல் | மாலை 4:30

அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, எறும்ப மட்டும் யாரும் பேசல. கூண்டு தொங்குத கம்பியில வேப்பெண்ணெய் தொட்ட துணிய இறுக்கிக் கட்டுங்க. ஸ்டாண்டுல வச்சா நாலு காலுக்கும் சிரட்டையில தண்ணி. எறும்பு உசுரோட இருக்க குஞ்சையும் விடாது.

தேர் விஷயம். ராத்திரி திடீர்னு வெடி போட்டா பெரிசு ரெண்டும் பயந்து இருட்டுல வெளிய பாயும், திரும்பக் கலயத்துக்கு வழி தெரியாது, விடியுத வரைக்கும் குஞ்சு ஒத்தையில கெடக்கும். கூண்டுக்கு மூணு பக்கம் துணி, பக்கத்துல ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும். கூண்ட மட்டும் எடம் மாத்தாதீங்க, கூட்டயே விட்டுரும்.

ஜங்ஷன்_மாடி | மாலை 6:10

சாரல் அண்ணாச்சி, எடம் மாத்தக் கூடாதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, ஒரு வாரக் குஞ்சு நாலு இருந்த கூண்ட ராத்திரியோட ராத்திரியா மாடி ரூமுக்குத் தூக்கினோம், கரண்டும் கெடையாது, விடிஞ்சு பாத்தா தகப்பன்காரன் ஈரச் செறகோட ஊட்டிட்டு இருக்கான். நாலும் வந்துச்சு. நல்லா ஊட்டிட்டு இருக்க ஜோடி லேசுல விடாது. ரெண்டு நாள் முந்தியே பைய பைய வீட்டு உள்பக்கம் ரெண்டாங்கட்டுக்கு நகத்துனா தப்பில்ல.

வெயிலப் பத்தியும் ஒரு வார்த்த. ஆஸ்திரேலியாவுல டீக்கின் பல்கலைக்கழகத்துக்காரங்க 2016ல கண்டுபுடிச்சாங்க, வெயில் 26 டிகிரிக்கு மேல போனா ஸீப்ரா ஃபின்ச் தாய் தகப்பன் பொரிக்கதுக்கு முந்தின கடைசி சில நாள்ல முட்டையப் பாத்து தனியா ஒரு சத்தம் குடுக்குமாம், அதக் கேட்டுப் பொரிச்ச குஞ்சு சூட்டுக்குத் தக்க ஒடம்பச் சின்னதா வளத்துக்குமாம். வெயில் அதுக்குப் பழக்கம்தான். தகரக் கூரைக்கு அடியில வச்சு அவிக்காம இருந்தா போதும். குளிக்க ஆழமில்லாத தட்டுல தண்ணி வைங்க, ஈரச் செறகோட அடை உக்காந்தா காஞ்ச நாள்ல முட்டைக்கு நல்லது. குஞ்சு எறங்குத நாள்ல தட்டுக்குள்ள நாலு கூழாங்கல்லப் போட்டுருங்க, இல்லன்னா முங்கிரும்.

பேட்டைக்காரன் | இரவு 9:00

பால் யோசனைய வாபஸ் வாங்கிட்டேன் அக்கா. மாமாகிட்ட கேட்டேன், அவரு வளத்த கிளிக்குஞ்சும் நாலு நாள்தான் இருந்துச்சாம், இத்தன வருஷம் எங்கிட்ட சொல்லவே இல்ல மனுஷன்.

டவுன்_தார்சா | மூணு வாரம் கழிச்சு, காலை 7:05

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன். அன்னைக்கு சாயந்திரமே நூல வெட்டி எடுத்தேன், கலயத்துக்குள்ள இருந்து ஒரு முழத்துக்கு வந்துச்சு, வெக்கமாப் போச்சு. அவிச்ச முட்டைய முதல் ரெண்டு நாள் திரும்பிக்கூடப் பாக்கல, மூணாம் நாள் தினையத் தூவினதும் ஆண் மொதல்ல எறங்கி மூக்கெல்லாம் மஞ்சளா திங்கு. ஒரு வாரம் கழிச்சு ஒரே ஒரு தடவ பாத்தேன், ரெண்டுக்கும் கழுத்துப் பை கோலிக்குண்டு மாதிரி, உள்ள தினை எண்ணிரலாம் போல இருந்துது. தேருக்கு ரெண்டு நாள் முந்தி கூண்ட அடுக்களைப் பக்கம் நகத்தினோம், ஆச்சி தன் கட்டில்ல இருந்து பாத்துக்கிட்டா, வெடி போட்ட நேரம் எல்லாம் குருவியவிட அவதான் அதிகம் திட்டினா.

ஒண்ணு மட்டும் பன்னெண்டாம் நாள் போயிட்டு, என்னன்னு தெரியல, கழுத்து நெறஞ்சுதான் இருந்துது. மத்தது நேத்து கலயத்த விட்டு எறங்கிட்டு. வாலே இல்ல, கருப்பு அலகு, கம்பியில உக்காரத் தெரியாம வழுக்கி வழுக்கி விழுது, தகப்பன் பின்னாடியே போயி ஊட்டுதான்.

இப்ப ஒரு சந்தேகம். பெட்டை மறுபடியும் கலயத்துக்குள்ள போயி உக்காருது. விடவா, எடுக்கவா?

அம்பை_அக்கா | காலை 7:50

குஞ்சு ராத்திரி படுக்க இன்னும் நாலஞ்சு நாளைக்கு அந்தக் கலயம் வேணும், அப்புறம் எடுத்து மறைச்சு வச்சிருங்க. மூணு அடை உக்காந்தாச்சு, பெட்டை இளைச்சிருக்கும், ரெண்டு மூணு மாசமாவது சும்மா விடுங்க. அதுக்குள்ள முட்டை போட்டுட்டா மொபைல் டார்ச்சு இருக்கே, இந்தத் தடவ மட்டும் அடிச்சுப் பாத்து எடுத்துரலாம். குஞ்ச முப்பத்தஞ்சு நாளுக்கு முன்னாடி பிரிக்காதீங்க, அது தானா தினைய ஒடைச்சுத் திங்குதான்னு பாத்துட்டுப் பிரிங்க. ஆச்சிய கேட்டதாச் சொல்லுங்க.