போக்கரில் கால் செய்தவருக்கு எதிராளியின் சீட்டைப் பார்க்கும் உரிமை உண்டா, இல்லையா?

கடைசிச்சுற்று:
நண்பர்கள் சேர்ந்து வீட்டில் டெக்சஸ் ஹோல்டெம் போக்கர் ஆடுகிறோம். போன வாரம் ரிவரில், அதாவது கடைசிப் பொதுச்சீட்டு திறந்த பிறகு வரும் கடைசிச் சுற்றில், ஒருவர் பெரிய பெட் (பந்தயம்) வைத்தார். எதிரே இருந்தவர் நெடுநேரம் யோசித்து கால் செய்தார், அதாவது அதே தொகையைத் தானும் போட்டார். பெட் வைத்தவர் உடனே "நீயே எடுத்துக்கோ" என்று சீட்டைக் கவிழ்த்தபடி முன்னால் தள்ளினார். "திறந்து காட்டு" என்று கால் செய்தவர் கேட்க, "பணம் வந்தாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்று அவர் கோபித்துக்கொண்டார். என்னைக் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும். கடைசிச் சுற்றில் கடைசியாக பெட்டோ ரெய்ஸோ (பந்தயத்தை உயர்த்துவது) செய்தவர்தான் முதலில் சீட்டைத் திறக்க வேண்டும்.

வைகைக்கரை:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் திறக்க வேண்டும் என்பது ஜெயிக்க நினைப்பவருக்கு. தோல்வியை ஒப்புக்கொண்டு பாட்டை (நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தை) விட்டவரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அடுத்தவர் சீட்டைக் கேட்டுப் பார்க்கும் விதியே இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுகிறார்களா என்று கண்டுபிடிக்க வந்தது. ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற போக்கர் விதித்தொகுப்புகூட அதை ஒரு சலுகை என்றுதான் சொல்கிறது, தவறாகப் பயன்படுத்தினால் பறிக்கலாம் என்கிறது. நண்பர்கள் வீட்டில் அப்படிக் கேட்டால் "உன்னை நம்பவில்லை" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது போல.

கடைசிச்சுற்று:
இரண்டு விஷயங்களைக் கலக்கிறீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மூன்றாவது ஆள் கேட்பது வேறு, காசு போட்டு கால் செய்தவர் கேட்பது வேறு. 2001-இல் தொடங்கிய டோர்னமெண்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷன் (டிடிஏ) விதிகளில் இது தெளிவாகவே இருக்கிறது. ரிவர் பெட்டை கால் செய்தவர், தன் சீட்டைக் கையில் வைத்திருந்தாலோ திறந்து வைத்திருந்தாலோ, கடைசியாக பெட் வைத்தவரின் சீட்டைக் கேட்கலாம். அதை யாரும் மறுக்க முடியாது. மற்றவர்கள் கேட்டால் டைரக்டர் முடிவு செய்வார். தன் சீட்டைக் கவிழ்த்துத் தூக்கி எறிந்தவருக்கோ கேட்கும் உரிமையே போய்விடும். அந்த கால் பணத்தில் சீட்டைப் பார்க்கும் விலையும் அடக்கம். நம்பிக்கை, அவநம்பிக்கைக்கு இதில் வேலையில்லை.

பழைய டீலர்:
கேட்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். ராபர்ட்ஸ் ரூல்ஸ்படி, பாட்டை ஜெயிக்கப்போகிறவரே தோற்றவர் சீட்டைக் கேட்டால் இரண்டு சீட்டும் உயிரோடு, அதாவது இன்னும் போட்டியில், இருக்கும். தோற்றவர் தன் ஃப்ளஷை (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) கவனிக்காமல் விட்டிருந்தால், பாட் அவருக்கே போய்விடும்! வேறு யாராவது கேட்டுத் திறந்தால் அந்தச் சீட்டு செத்த சீட்டுதான். அதனால் டீலர் முதலில் அதைக் கழித்த சீட்டுக் குவியலில் தொட்டுவிட்டு அப்புறம் திறப்பது வழக்கம்.

வைகைக்கரை:
டிடிஏ விதிகள் டோர்னமெண்டுக்கு. அங்கே ஒருவர் ஆல்-இன் ஆகி (கையிலுள்ள எல்லாவற்றையும் வைத்து) பெட்டிங் முடிந்தால் எல்லாச் சீட்டையும் திறந்தே வைக்க வேண்டும். வேண்டியவருக்கு சிப்ஸை (பந்தய வில்லைகளை) தள்ளிவிடாமல் இருக்க அது தேவை. நேரடியாகக் காசு வைத்து ஆடும் கேஷ் கேமில் பெரும்பாலும் அந்தக் கட்டாயம் இல்லை. பிடிபட்ட ப்ளஃபை (நல்ல சீட்டு இல்லாமல் பந்தயம் வைத்து மிரட்டியதை) எல்லோர் முன்னாலும் விரிக்க வைத்தால், புதிதாக வந்தவர் அடுத்த முறை ப்ளஃப் செய்யவே பயப்படுவார். ஆட்டம் செத்துப்போகும். எனக்கு அதுதான் கவலை.

சரி, உங்களிடம் ஒரு கேள்வி. ஆட்டத்தை விட்டுக் கவிழ்த்த சீட்டைப் பக்கத்தில் இருக்கும் மச்சானுக்கு மட்டும் காட்டிச் சிரிக்கிறார்களே, அதைத் தடுக்கிறீர்களா?

கடைசிச்சுற்று:
கட்டாயம் தடுக்கிறேன். ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும். பார்த்தவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தால் உடனே எல்லோருக்கும், ஆட்டத்தில் இல்லாதவர் என்றால் அந்த ஒரு ஆட்டம் முடிந்ததும். ஒரே மேசையில் ஒருவருக்கு மட்டும் கூடுதல் தகவல் கிடைப்பது எந்த நட்பிலும் நியாயமில்லை. புதியவர் பயப்படுவார் என்கிறீர்கள். ஆனால் கால் செய்து ஜெயித்தும் எதை ஜெயித்தோம் என்று தெரியாத புதியவர் எப்படிக் கற்றுக்கொள்வார்?

வைகைக்கரை:
மச்சான் விஷயத்தில் நாம் ஒரே பக்கம். ரிவர் கால் விஷயத்தில் என் வீட்டில் "கேட்காதே" என்பதுதான் வழக்கம், அதை மாற்ற மாட்டேன்.

பழைய டீலர்:
அப்படியானால் முதல் சீட்டு போடும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பாட் நடுவில் இருக்கும்போது விதி பேசினால் யார் சொல்வதும் எடுபடாது.