ஆராதனை நடுவே எழும் குழப்பம்: ஆலோசனை தேவை

கிறிஸ்துவின் நாமத்தில் அனைவருக்கும் வாழ்த்துகள். இலங்கையின் ஹற்றனுக்கு அருகேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றில், பெரும்பாலும் லயன் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) குடும்பங்களைக் கொண்ட சிறிய சபையின் செயலாளராக இருக்கிறேன்.

எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், சில மாதங்களாகப் பிரசங்கத்தின் நடுவே எழுந்து போதகரை மறுத்துப் பேசுவதும், காணிக்கைக் கணக்கை அந்த இடத்திலேயே வாசிக்கச் சொல்வதுமாக இருக்கிறார். சென்ற ஞாயிறு அவர் பாட்டுப் புத்தகத்தை வாங்கில் ஓங்கி அடித்ததும், முன்வரிசைப் பிள்ளைகள் பயந்து தாய்மாரிடம் ஓடிவிட்டார்கள். கணக்குக் கேட்பது அவருடைய உரிமை என்பதே என் கருத்து. ஆராதனை நேரம் அதற்குரியதல்ல என்பதுதான் பிரச்சினை.

மத்தேயு 18:15-17 சொல்லும் ஒழுங்கின்படி, போதகர் முதலில் தனியாகவும் பின்னர் இரு மூப்பர்களுடனும் சென்று பேசினார், பலனில்லை. அடுத்த படி சபைக்கு அறிவிப்பது. ஆனால், ஒரே லயனில் சுவருக்குச் சுவர் வாழ்ந்து, ஒரே மலையில் கொழுந்து பறிக்கும் உறவினர்களிடையே அதைச் செய்தால் சபை இரண்டாகிவிடும் என்று அஞ்சுகிறோம். முதியவரைத் தகப்பனைப்போல் எண்ணிப் புத்தி சொல்லும்படி 1 தீமோத்தேயு 5:1 கூறுவதையும் மறக்க இயலாது. வழிபாட்டுக் கூட்டத்தைக் குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், பொலிஸுக்குப் போகலாம் என்கிறார்கள் இளைஞர் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணக்கை மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கேள்விகளுக்கு ஆராதனைக்குப் பின் தனிக்கூட்டம் வைக்கலாமா? அவர் மறுபடி எழுந்தால், அந்த நொடியில் யார், என்ன சொல்லி அவரை அமரச் செய்வது? இத்தகைய நிலையைச் சந்தித்த போதகர்களும் மூப்பர்களும் தங்கள் அனுபவத்தை எழுதினால் பேருதவியாக இருக்கும். பெயர்களை மட்டும் கேட்க வேண்டாம்.