டபுள் ஜம்ப்: 'இரட்டை' வேண்டாம், 'ஊன்றாப் பாய்ச்சல்' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

கணினி ஆட்டங்களில் வரும் 'டபுள் ஜம்ப்'புக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகச் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன். நேற்று மருமகன் பக்கத்தில் இருந்து விளையாடினான். அவனுடைய வீரன் பள்ளத்துக்கு மேலே போய், விழத் தொடங்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில் காலை உதைத்து இன்னொரு தரம் எழும்பினான். "மாமா, உங்கட ஆக்கள் இதுக்கு இன்னும் பெயர் வைக்கேல்லையோ?" என்று கேட்டான். இனியும் சும்மா இருக்க ஏலாது.

> இரட்டைத் தாண்டல் போதுமே. எல்லோருக்கும் விளங்கும்.

கோவை நண்பருக்கு: உங்கள் பக்கத்தில் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல். எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் உயரம் பாய்தல், நீளம் பாய்தல். தாண்டுவது என்றால் எங்களுக்கு ஏதோ ஒன்றைக் கடப்பது; வெறுமனே மேலே எழும்புவதைத் தாண்டல் என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் அதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. எனக்குப் பிடிக்காதது 'இரட்டை'தான்.

எங்கள் மைதானத்தில் முப்பாய்ச்சல் என்று ஒன்று இருக்கிறது. மூன்று தரமும் கால் நிலத்தில் படும், நிலத்தை உதைத்துத்தான் எழும்பவேண்டும். 1996இல் வந்த சூப்பர் மரியோ 64 ஆட்டத்திலும் மரியோ ஓடி ஓடி அடுத்தடுத்து மூன்று தரம் பாய்வான், ஒவ்வொரு முறையும் நிலத்தைத் தொட்டுத்தான். அது நேர்மையான முப்பாய்ச்சல். இப்போது 'இருபாய்ச்சல்', 'இரட்டைப் பாய்ச்சல்' என்று வைத்தால், ஓட்டமைதானப் பிள்ளைகள் அதையும் இந்த வரிசையில் சேர்த்துவிடுவார்கள். எண்ணிக்கையும் நிலைக்காது. சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டத்தில் கேர்பி என்ற பாத்திரம் நடுவானிலேயே ஐந்து தரம் எழும்பும். நிலத்திலிருந்து எழும்பியதையும் சேர்த்து அதை ஆறிரட்டை என்பதா, அறுபாய்ச்சல் என்பதா?

இந்தச் சக்தியின் அதிசயம் எண்ணிக்கையில் இல்லை. ஊன்ற இடமில்லாமல் எழும்புவதில் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கேணியின் கட்டிலிருந்து பெடியள் பாய்வதைப் பார்த்திருப்பீர்கள். கால் கட்டை விட்ட கணத்திலேயே அவன் எங்கே விழுவான் என்பது முடிவாகிவிடுகிறது. அந்தரத்தில் கையைக் காலை அடிக்கலாம், சுருளலாம், ஒரு குத்துக்கரணமும் போடலாம். ஆனால் அவனுடைய புவியீர்ப்பு மையம் போகும் பரவளைவை ஒரு விரல் அளவும் மாற்ற முடியாது. மாற்றவேண்டுமென்றால் எதையாவது எதிர்ப்பக்கம் தள்ளவேண்டும். நியூற்றனின் மூன்றாம் விதி, தாக்கமும் மறுதாக்கமும், அவ்வளவுதான்.

சரி, தள்ளிப் பார்ப்போம். வீரனின் திணிவு 60 கிலோகிராம் என்று வையுங்கள் (தமிழ்நாட்டு நண்பர்கள் 'நிறை' என்று வாசிக்கவும், எங்களுக்கு நிறை என்றால் உங்கள் 'எடை'). உச்சிக்குப் போய் நிற்கிற அந்தக் கணத்திலிருந்து இன்னும் அரை மீற்றர் எழும்ப, செக்கனுக்கு 3.13 மீற்றர் வேகம் வேண்டும். உந்தம் (திணிவு × வேகம்) ஏறத்தாழ 188. காலுக்குக் கீழே இருப்பது காற்று மட்டும். ஒரு கனமீற்றர் காற்று கிட்டத்தட்ட 1.2 கிலோகிராம்தான். அந்த ஒரு கனமீற்றரை முழுதாகக் கீழே உதைத்தால், அது செக்கனுக்கு 157 மீற்றர், அதாவது மணிக்கு 560 கிலோமீற்றருக்கு மேலே பறக்கவேண்டும். காற்றுக்குப் போகும் சக்தி வீரனுக்குக் கிடைப்பதைப்போல ஐம்பது மடங்கு. காற்றை விட்டு ஒன்றரைக் கிலோ பனம்பழம் ஒன்றைக் கையில் கொண்டுபோய்க் கீழே எறிந்தாலும் மணிக்கு 450 கிலோமீற்றர் வரும். கீழே நிற்பவனின் பாடு அதோகதி.

இதிலும் இன்னொரு கள்ளம் இருக்கிறது. பல ஆட்டங்களில் இரண்டாம் பாய்ச்சல் என்பது விசையே இல்லை. ஆட்டத்தின் நிரல் (புரோகிராம்) மேல்நோக்கிய வேகத்தை அழித்துவிட்டுப் புதிய எண்ணை எழுதுகிறது. வீரன் செக்கனுக்கு 10 மீற்றரில் விழுந்துகொண்டிருந்தாலும் அதே எண்தான், அதே உயரம்தான். ஆர்முடுகலுக்கு (தமிழ்நாட்டில் 'முடுக்கம்') நேரமே கொடுக்கப்படவில்லை. உண்மையில் யாருக்காவது இப்படி நடந்தால் முழங்கால் மிஞ்சாது.

> அந்தரப் பாய்ச்சல் அழகாக இருக்கிறதே?

ரொறன்ரோ அக்கா, அழகுதான். ஆனால் நீங்கள் ஊரை விட்டுப்போய் 'அந்தரப்படாதை' என்று அம்மா சொல்வதை மறந்துவிட்டீர்களா? இங்கே அந்தரம் என்றால் முதலில் அவசரம், பதகளிப்பு. அந்தரப் பாய்ச்சல் என்றால் பஸ்ஸைப் பிடிக்க வேலியால் பாய்வது என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள்.

என் முன்மொழிவு, ஊன்றாப் பாய்ச்சல். கோலூன்றிப் பாய்தல் என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதிலே கோல் ஊன்றுகிறது, இதிலே எதுவும் ஊன்றவில்லை. செல்லாக் காசு, வாடா மல்லி போல ஈறு கெட்ட எதிர்மறை. பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லவே தேவையில்லை. கேர்பியின் ஐந்தையும் 'ஐந்து ஊன்றாப் பாய்ச்சல்' என்று எண்ணிவிடலாம். சுவரை உதைத்து எழும்புவதைச் சுவரூன்றிப் பாய்ச்சல் என்னலாம். அதற்கு உராய்வும் சுவரின் மறுதாக்கமும் இருப்பதால் பௌதிகமும் அதிகம் கோபிக்காது. 2017இன் ஹாலோ நைட் ஆட்டத்தில் வீரன் நடுவானில் சிறகு விரித்து எழும்புகிறான். அவன் காற்றையாவது அடிக்கிறான். அதைச் சிறகுப் பாய்ச்சல் என்று பிரித்துவைக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் வற்புறுத்தவில்லை.

'மிதியாப் பாய்ச்சல்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் மிதிப்பது என்றால் மேலிருந்து கீழே அழுத்துவது; மரியோ ஆமையின் தலையில் ஏறுகிறானே, அந்த மிதிக்கு அந்தச் சொல் பின்னால் தேவைப்படும். இப்போதே செலவழிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் டாக்டர் கிறீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே உடற்கூற்றுக்கும் மருந்துக்கும் தமிழ்ச் சொல் தேடினார். அவருக்கு இருந்த அந்தரம் நமக்கில்லை, ஆறுதலாகவே முடிவெடுப்போம். ஞாயிறு வரை மறுப்புகளை எழுதுங்கள்.

பி.கு.: அடுத்த சொல்லை மருமகனே தந்துவிட்டான். விளிம்பை விட்டுக் கால் வழுக்கிய பிறகும் ஆட்டம் கொஞ்ச நேரம் பாய விடுகிறதே, அதற்கு என்ன பெயர்? 2018இல் வந்த செலஸ்டில் அந்த நேரம் 0.1 செக்கன். மெய்யுலகில் அதற்குள் 5 சென்ரிமீற்றர் விழுந்திருப்போம். 'விளிம்புச் சலுகை' என்று எழுதிவைத்திருக்கிறேன். அவன் 'களவு' என்கிறான்.