43 வயதில் மறுபடி கல்லூரி: படித்தது மனதில் நிற்க என்ன செய்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. பாதியில் விட்ட பட்டப்படிப்பை முடிக்க, இருபது வருடம் கழித்து மறுபடி சேர்ந்திருக்கிறேன். பகலில் வேலை, மாலையில் வகுப்பு.

வகுப்பில் கேட்கும்போது எல்லாம் புரிகிறது. வேலை அனுபவம் இருப்பதால் சில பாடங்கள் சீக்கிரமே பிடிபடுகின்றன, அதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் நான்கு நாள் கழித்து நோட்டைத் திறந்தால் பாதி புதிதாகத் தெரிகிறது. புள்ளியியல்தான் ரொம்பப் படுத்துகிறது. அதற்கு வேண்டிய பள்ளிக் கணக்கே மறந்துவிட்டது.

இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நினைவில் நிற்கும் என்று நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே எழுதியிருக்கிறார். சும்மா வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது நல்லது என்பதும் தெரியும். இரண்டு வாரம் அப்படிச் செய்தேன், நல்ல பலன் இருந்தது. அப்புறம் அலுவலகத்தில் வேலை குவிந்தது, பழக்கம் விட்டுப்போனது.

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் சொல்லுங்கள். விட்டுப்போன பழக்கத்தை எப்படித் திரும்பப் பிடித்தீர்கள்? களைப்பில்லாத நேரம் எது, விடியற்காலையா? பள்ளிக் கணக்கை முதலில் தனியாகப் படித்து முடிக்கட்டுமா, இல்லை தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாமா? தேர்வுக்கு இன்னும் ஒன்பது வாரம் இருக்கிறது.