ஒரு பிஎஸ் 5, மூன்று திரைகள்: எதற்கு எந்த ரெசல்யூஷன் வைப்பது?

திருமணிமுத்தாறு (சேலம், அழகாபுரம்)

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு பிஎஸ் 5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) இருக்கிறது. அதை ஒரே இடத்தில் வைத்து ஆட வழியில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஹால் டிவி அம்மாவுக்கு. நான் கன்சோலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவேன். மே மாதம் ஏற்காட்டில் மாமா வீட்டில் இருப்போம், அங்கே ஒரு பழைய டிவி. மூன்று இடத்திலும் மூன்று விதமான தொல்லை.

ஹாலில் 43 இஞ்ச் 4கே டிவி, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும்). சோபா ஒன்பது அடி தள்ளி இருக்கிறது. டிவியைச் சுவரில் மாட்டியபோதே எச்டிஎம்ஐ கேபிளைச் சுவருக்குள் பைப் வழியாக இழுத்து, கீழே ஷோகேஸ் வரை கொண்டுவந்து விட்டார்கள். 2160பி, அதாவது 4கே, வைத்தால் ஆட்டத்தின் நடுவே திரை ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது. 1080பிக்கு இறக்கினால் ஒன்றும் ஆவதில்லை.

அறையில் 27 இஞ்ச் 1440பி மானிட்டர், 144 ஹெர்ட்ஸ். கன்சோலில் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறேன். எழுத்தெல்லாம் கொஞ்சம் மசமசவென்று தெரிகிறது. சிக்னல் விவரத்தைப் பார்த்தால் 3840 x 2160 என்று காட்டுகிறது. 1440 மானிட்டர் இதை எப்படி வாங்கிக்கொள்கிறது?

ஏற்காட்டில் 32 இஞ்ச் 'எச்டி ரெடி'. நான்கு ஓரமும் வெட்டுப்படுகிறது. கிரிக்கெட் ஆடினால் அடியில் வரும் ஸ்கோர் பாதிதான் தெரியும்.

"எல்லாவற்றிலும் 1080பி வைத்துவிடு, ஃபிரேம் ரேட்டும் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) ஏறும்" என்கிறான் நண்பன். அது சரியா?

கஞ்சமலை

தம்பி, நண்பர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்றதெல்லாம் எளிது.

கணினியில் அவர் சொல்வது உண்மை. பிஎஸ் 5-இல் பெரும்பாலான ஆட்டங்களுக்கு அது பொருந்தாது. ஆட்டம் உள்ளுக்குள் எத்தனை பிக்சலில் (புள்ளிகளில்) படத்தை வரைகிறது என்பதை அந்த ஆட்டமே முடிவு செய்கிறது. வரைந்து முடித்த படத்தை, நீங்கள் செட்டிங்ஸில் வைத்த அளவுக்குப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ கன்சோல் கேபிளில் அனுப்புகிறது. நீங்கள் மாற்றுவது அனுப்பும் அளவைத்தான். அதை 1080பிக்கு இறக்கினாலும் உள்ளே வரையும் வேலை குறையாது, அதனால் வேகமும் ஏறாது.

வேகம் வேண்டுமென்றால் ஆட்டத்தின் மெனுவில் பெர்ஃபார்மன்ஸ் மோடு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் போய் மாற்றச் சலிப்பாக இருந்தால், கன்சோல் செட்டிங்ஸில் கேம் பிரீசெட்ஸ் என்ற இடத்தில் ஒரே தடவை சொல்லி வைக்கலாம். 1080பி என்றால் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல், 1440பி என்றால் 36.9 லட்சம், 4கே என்றால் 82.9 லட்சம். 4கேவில் நான்கு மடங்கு வேலை. அதனால்தான் படத்தின் நுணுக்கத்துக்கு முன்னுரிமை தரும் ஃபிடெலிட்டி மோடுகள் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேமில் நின்றுவிடுகின்றன.

அனுப்பும் அளவைப் பொறுத்தவரை, திரையின் பேனலில் உண்மையில் எத்தனை பிக்சல் இருக்கிறதோ அதையே வையுங்கள். பெட்டியில் 'சப்போர்ட்' என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள்.

உங்கள் மானிட்டரில் நடப்பதும் இதுதான். பல 1440பி மானிட்டர்கள் 4கே சிக்னலையும் வாங்கித் தாங்களே சுருக்கிக் காட்டும். கன்சோல் கேட்டபோது "4கே வரும்" என்று அது சொல்லியிருக்கிறது. ஆட்டோமேட்டிக்கும் நம்பி அனுப்புகிறது. ஆட்டம் 1440 அளவில் வரைந்திருந்தால் கன்சோல் அதை 2160-க்கு இழுக்கும், மானிட்டர் மறுபடி 1440-க்குச் சுருக்கும். இரண்டு முறை அளவு மாறினால் எழுத்து மங்கத்தான் செய்யும்.

செட்டிங்ஸ், ஸ்கிரீன் அண்ட் வீடியோ, வீடியோ அவுட்புட், ரெசல்யூஷன் என்று போய் 1440பியைக் கையால் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே 1440பி சோதனையும் இருக்கிறது, ஓட்டிப் பாருங்கள். பிஎஸ் 5-க்கு இந்த அளவு 2022 செப்டம்பர் அப்டேட்டில்தான் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளிலேயே இருக்கும் கன்சோலில் தென்படாது. 120 ஹெர்ட்ஸ் அவுட்புட்டையும் ஆட்டோமேட்டிக்கில் வையுங்கள்.

அம்மாபேட்டை சர்வீஸ்

ஹால் டிவிக்கு நான் சொல்கிறேன். டிவி மாட்டுவது, கேபிள் இழுப்பதுதான் என் தொழில். படம் ஒரு நொடி கறுத்துத் திரும்புவது, அதுவும் 4கேவில் மட்டும் என்றால், முதல் சந்தேகம் கேபிள் மேல்தான். கன்சோலையும் டிவியையும் அப்புறம் பார்க்கலாம்.

1080பி 60 ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 4.5 ஜிகாபிட் போதும். 4கே 60 ஹெர்ட்ஸ் முழு நிறத்தோடு போக 18 ஜிகாபிட் வேண்டும். பழைய 'ஹை ஸ்பீட்' கேபிளின் அளவே 10.2தான். நீளம் கூடக்கூட அதுவும் தள்ளாடும். கேபிள் திணறினால் டிவி சிக்னலை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும், அந்த இடைவெளிதான் கறுப்பு. சில சமயம் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அதுவும் இதே நோய்.

கன்சோலோடு வந்த கேபிளை எடுத்து, சுவர் வழியாகப் போகாமல் டிவியின் பின்னால் நேராகச் செருகி, கொஞ்ச நேரம் 2160பியில் ஆடிப் பாருங்கள். கறுப்பு வராவிட்டால் சுவருக்குள் இருப்பதுதான் குற்றவாளி.

டிவி பக்கம் இன்னொன்றையும் பாருங்கள். பல டிவிகளில் எச்டிஎம்ஐ போர்ட்டை முழு வேகத்துக்குத் திறந்துவிட ஒரு செட்டிங் இருக்கும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட். அது மூடியிருந்தால் 4கே 60-உம் எச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) சேர்ந்து வராது.

திருமணிமுத்தாறு

மானிட்டர் சரியாகிவிட்டது, 1440பி வைத்ததும் மெனு எழுத்து பளிச்சென்று நிற்கிறது. கஞ்சமலை அண்ணாவுக்கு நன்றி.

நேராகச் செருகிப் பார்த்தேன், கறுப்பு வரவேயில்லை. ஆக, சுவர் கேபிள்தான். ஆனால் போன வருஷம்தான் பெயின்ட் அடித்தோம். சுவரை உடைக்கிறேன் என்று சொன்னால் அப்பா என்னை வீட்டுக்குள் விடமாட்டார். வேறு வழி இருக்கிறதா?

அம்மாபேட்டை சர்வீஸ்

பைப் போட்டு இழுத்திருந்தால் உடைக்க வேண்டியதில்லை. பழைய கேபிளின் நுனியில் நைலான் கயிற்றைக் கட்டி மறுமுனையை உருவினால் கயிறு உள்ளே வந்துவிடும், அதில் புதுக் கேபிளைக் கட்டி இழுக்கலாம். பைப் முக்கால் இஞ்ச்சாக இருந்து வளைவும் இருந்தால் எச்டிஎம்ஐ தலை மாட்டிக்கொள்ளும்; பலவந்தமாக இழுக்காதீர்கள். புதிதாக வீடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து ஒன்றரை இஞ்ச்சுக்குக் குறையாத பைப் போடச் சொல்லுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காக எத்தனை வீட்டுச் சுவரைக் கொத்த வேண்டியிருக்கிறது என்று பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

நீளம் அதிகமென்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ வாங்குங்கள். மெல்லியது, தூரத்துக்குத் தாங்கும். அதற்குத் திசை உண்டு. ஒரு முனையில் சோர்ஸ், மறுமுனையில் டிஸ்ப்ளே என்று அச்சிட்டிருக்கும். மாற்றிப் போட்டு இழுத்துவிட்டால் படமே வராது. இழுப்பதற்கு முன்பே தரையில் வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

அதுவரைக்கும் ஒரு தற்காலிக வழி. வீடியோ அவுட்புட்டில் 4கே வீடியோ டிரான்ஸ்ஃபர் ரேட் என்று ஒன்று உண்டு. அதை -2 வையுங்கள். நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பும்; எச்டிஆர் இல்லாமல் ஏறத்தாழ 9 ஜிகாபிட்டில் 4கே 60 போய்விடும், உங்கள் பழைய கேபிள் தாங்கக்கூடிய அளவு. எச்டிஆர் சேர்ந்தால் 11-ஐத் தாண்டும், அப்போதும் கறுத்தால் எச்டிஆரை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது அக்ரஹாரம்

ப்ரோ, நான் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் ஆள். அது 1440பியைக் குறிவைத்துச் செய்த பெட்டி, என் 27 இஞ்ச் மானிட்டருக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அது இருக்கட்டும். 43 இஞ்ச்சை ஒன்பது அடியிலிருந்து பார்க்கிற உங்களுக்குக் கேபிள் மாற்றுகிற செலவே வீண் என்பேன்.

கணக்கு இதோ. படத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்கு அப்பால் போனால், சாதாரணக் கண்ணுக்கு 1080பியின் பிக்சலே தனித்தனியாகத் தெரியாது. 43 இஞ்ச் டிவியின் படம் 21 இஞ்ச் உயரம். மூன்றால் பெருக்கினால் 63 இஞ்ச், அதாவது ஐந்தேகால் அடி. அதற்குள் நெருங்கி உட்கார்ந்தால்தான் 4கேவின் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். நீங்களோ ஒன்பது அடியில். மேசையில் இரண்டரை அடியில் பார்க்கும் 27 இஞ்ச்சில் 1080-க்கும் 1440-க்கும் வித்தியாசம் நன்றாகத் தெரிவதும் இதே கணக்கால்தான்.

ஹாலில் 1080பி வைத்து நிம்மதியாக ஆடுங்கள்.

கஞ்சமலை

கணக்கு சரி. முடிவில் பாதி சரி என்பேன். காசு செலவழித்துக் கேபிள் மாற்ற அவசரமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் -2 வைத்து 4கே தடையில்லாமல் ஓடினால் அப்படியே விடலாம். மேலே சொன்னபடி, அனுப்பும் அளவைக் கூட்டுவதால் ஆட்டத்தின் வேகம் குறையப்போவதில்லை.

ஆனால் அந்தத் தூரக் கணக்கு இன்னொன்றைச் சொல்கிறது, அது முக்கியம். ஒன்பது அடியில் ஃபிடெலிட்டி மோடின் கூடுதல் பிக்சல்கள் உங்கள் கண்ணுக்கு எட்டப்போவதில்லை. 30 ஃபிரேமுக்கும் 60-க்கும் உள்ள வித்தியாசமோ எவ்வளவு தள்ளி உட்கார்ந்தாலும் கையில் தெரியும். ஹாலில் கண்ணை மூடிக்கொண்டு பெர்ஃபார்மன்ஸ் மோடு வையுங்கள்.

அப்புறம், டிவியில் கேம் மோடு. இதை யாரும் இன்னும் சொல்லவில்லையே. படத்தை மெருகேற்றுகிறேன் என்று டிவி செய்யும் வேலையெல்லாம் ஒவ்வொரு ஃபிரேமையும் தாமதிக்கிறது. 60-இல் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடி. டிவி நாலைந்து ஃபிரேமைப் பிடித்து வைத்துக்கொண்டால், யார்க்கர் ஸ்டம்பில் பட்ட பிறகுதான் உங்கள் பேட் இறங்கும். சீரியலுக்கு ஒரு பிக்சர் மோடு, எச்டிஎம்ஐக்கு கேம் மோடு என்று பல டிவிகள் தனித்தனியாக நினைவில் வைத்துக்கொள்ளும், அம்மாவுக்கும் இடைஞ்சல் இல்லை.

மானிட்டருக்கு ஒரு கொசுறு. ஸ்பைடர்மேன் 2 போன்ற சில ஆட்டங்களில் 120 ஹெர்ட்ஸ் திரை இருந்தால் ஃபிடெலிட்டி மோடு 40 ஃபிரேமில் ஓடும். 120-ஐ 40 மிச்சமில்லாமல் வகுக்கும், 60-ஐ வகுக்காது. அதனால் ஹால் டிவியில் அது கிடைக்காது. 30-இல் ஒரு ஃபிரேமுக்கு 33.3 மில்லிநொடி, 60-இல் 16.7. 40-இல் 25, சரியாக நட்டநடு. படமும் நுணுக்கமாக இருக்கும், கையும் இலகுவாக இருக்கும்.

சேர்வராயன்

ஏற்காட்டுக்காரன் நான். எங்கள் வீட்டிலும் அதே 32 இஞ்ச் எச்டி ரெடிதான். அந்த வகை டிவிகளின் பேனல் பெரும்பாலும் 1366 x 768. கன்சோலில் அந்த அளவே கிடையாது. 720பி வைத்தால் டிவி அதை இழுக்கும், 1080பி வைத்தால் சுருக்கும். இழுப்பதைவிடச் சுருக்குவது நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். டிவி ஏற்றுக்கொண்டால் 1080பி வையுங்கள்.

ஓரம் வெட்டுப்படுவதற்கு டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பட்டனை அழுத்துங்கள். 16:9 என்று இருப்பதை ஜஸ்ட் ஸ்கேன், ஸ்கிரீன் ஃபிட், ஃபுல் பிக்சல் என்று அந்த டிவியில் என்ன பெயரோ அதற்கு மாற்றினால் நான்கு மூலையும் வந்துவிடும். அப்படி எதுவும் இல்லாத டிவியென்றால் மட்டும் கன்சோலின் டிஸ்ப்ளே ஏரியாவைச் சுருக்குங்கள்.

அழகாபுரத்திலிருந்து கொண்டுவந்து மாட்டியதும் படமே வராமல் போனால் பயப்பட வேண்டாம். கன்சோலை அணைத்து, பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். சேஃப் மோடில் வீடியோ அவுட்புட்டை மாற்றும் வழி இருக்கிறது. கன்ட்ரோலரை வயரால் இணைக்க வேண்டும், அதற்கான யுஎஸ்பி கேபிளைச் சேலத்திலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மே மாத மதியங்களில் இடி இடித்தால் இங்கே கரண்ட் போய்ப் போய் வரும். மாமா வீட்டு இன்வெர்ட்டர் லைனிலேயே கன்சோலைச் செருகுங்கள். கன்சோல் ஆட்டத்தைச் சேமித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சேவ் கெட வாய்ப்புண்டு.

காப்பித்தோட்டம்

ஏற்காட்டில் சின்னதாக ஹோம்ஸ்டே நடத்துகிறேன். விருந்தினர் பிள்ளைகள் ஆடட்டும் என்று ஒரு கன்சோலும் புரொஜெக்டரும் வாங்கி வைத்தேன். புரொஜெக்டர் பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தது. கன்சோலில் 2160பி வைத்தால் எழுத்து படிக்கவே முடியவில்லை. நான் எதை வைக்க வேண்டும்?

கஞ்சமலை

அக்கா, சப்போர்ட் என்றால் அந்தச் சிக்னலை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். கையேட்டில் நேட்டிவ் ரெசல்யூஷன் (அதில் உண்மையில் இருக்கும் பிக்சல் அளவு) என்ற வரியைத் தேடுங்கள். விலை குறைந்தவற்றில் அது 1280 x 720, ஏன், 800 x 480 கூட இருக்கும். 1920 x 1080 என்றிருந்தால் 1080பி. 720 என்றால் 720பியையும் 1080பியையும் மாற்றி மாற்றி வைத்து, கன்சோல் மெனுவின் சின்ன எழுத்து எதில் படிக்க முடிகிறதோ அதை வையுங்கள். 480 என்றால் எதை வைத்தாலும் ஆட்டத்தின் சின்ன எழுத்து தேறாது. கார் பந்தயம், சண்டை மாதிரி எழுத்து குறைந்த ஆட்டங்களாகப் பார்த்துப் போடுங்கள்.

படம் சாய்ந்து விழுகிறது என்று கீஸ்டோன் (சாய்வை நேராக்கும் செட்டிங்) போட்டிருக்கிறீர்களா? அது இருக்கிற பிக்சலிலும் கொஞ்சத்தைத் தின்றுவிடும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, புரொஜெக்டரையே சுவருக்கு நேராக நகர்த்தி வையுங்கள். எழுத்தில் வரும் மாற்றம் அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

காப்பித்தோட்டம்

நேட்டிவ் 1280 x 720 என்று கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது தம்பி. கீஸ்டோனும் முழுக்க ஏறியிருந்தது. ஸ்டூலை நகர்த்தி நேராக வைத்து 1080பி போட்டதில் மெனு இப்போது படிக்க முடிகிறது. 720பியில் எழுத்து தடித்துத் தெரிந்தது, அதனால் 1080-இலேயே விட்டிருக்கிறேன்.