பைத்தானில் மாறிலியை உண்மையிலேயே மாறாமல் காப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். பலர் சேர்ந்து எழுதும் ஒரு பைத்தான் நிரலில், பொதுவான அமைப்பு மதிப்புகள் அனைத்தையும் பெரிய எழுத்துப் பெயர்களுடன் ஒரே மாட்யூலில் வைத்திருக்கிறோம். ஆயினும், அனுமதிக்கப்பட்ட கோப்பு வகைகளின் லிஸ்டில் ஏதோ ஒரு ஃபங்ஷன் புதிய உறுப்பைச் சேர்த்துவிட்டது. அதன் விளைவு தொடர்பே இல்லாத வேறொரு பகுதியில் வெளிப்பட்டதால், காரணத்தைக் கண்டறிவது பெரும்பாடாகிவிட்டது. மதிப்பை மாற்றவிடாமல் தடுக்கும், சி++ மொழியின் கான்ஸ்ட் போன்ற வசதி பைத்தானில் உண்டா?

மறுமொழி 1:
இல்லை. பெரிய எழுத்தில் பெயரிடுவது பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8 கூறும் மரபு மட்டுமே. நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டர் அதைக் கண்டுகொள்வதில்லை. இங்கே பெயரை மாற்றுவதும், அப்பெயர் சுட்டும் பொருளை மாற்றுவதும் இரு வேறு செயல்கள் என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 பதிப்பு முதல் இருக்கும் கான்ஸ்ட்கூட முன்னதை மட்டுமே தடுக்கிறது. அதில் வைத்த அரேயில் உறுப்புகளைத் தாராளமாகச் சேர்க்கலாம். உங்களுக்கு நேர்ந்தது பின்னது. ஆகவே லிஸ்டை, உருவாக்கியபின் மாற்ற முடியாத டியூப்பிளாகவோ (வரிசை) ஃப்ரோசன்செட்டாகவோ (கணம்) மாற்றுங்கள். அதன்பின் அப்பெண்ட் செய்ய (உறுப்பைச் சேர்க்க) முயலும் வரி அந்த இடத்திலேயே பிழையுடன் நின்று, தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் டியூப்பிளுக்கு மாறியபின்னும் ஒரு வழி திறந்தே இருக்கிறது. வேறொரு கோப்பிலிருந்து மாட்யூலின் பெயரோடு சேர்த்து, கூட்டல்-சமக்குறியால் (+=) இன்னொரு டியூப்பிளை இணைத்தால், புதிய டியூப்பிள் ஒன்று உருவாகி, அதே பெயரில் ஓசையின்றி அமர்ந்துகொள்ளும். பிழை எதுவும் எழாது. இதற்குத்தான் பைத்தான் 3.8-இல் டைப்பிங் மாட்யூலில், பெயருக்கு மறுபடி மதிப்பு தரக்கூடாது என்று குறிக்கும் ஃபைனல் சேர்க்கப்பட்டது. நிரல் இயங்கும்போது அது எதையும் தடுக்காது; மைபை, பைரைட் போன்ற சரிபார்ப்புக் கருவிகளே மறுஒதுக்கீட்டைச் சுட்டிக்காட்டும். அக்கருவியை ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானாக இயங்க வைக்காவிட்டால், ஃபைனல் என்று எழுதுவது வெறும் குறிப்பாகவே நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. டிக்‌ஷனரிக்குள் டிக்‌ஷனரியாக இருக்கும் அமைப்புகளை என்ன செய்வது?

மறுமொழி 1:
டைப்ஸ் மாட்யூலில் உள்ள மேப்பிங்பிராக்ஸிடைப், டிக்‌ஷனரிக்குப் படிக்க மட்டுமேயான பார்வை ஒன்றைத் தரும். அது நகல் அன்று. மூல டிக்‌ஷனரி வேறொரு பெயரில் யாரிடமேனும் இருந்தால், அதில் செய்யும் மாற்றம் பார்வையிலும் தெரியும். உள்ளே இருக்கும் டிக்‌ஷனரிகளையும் அது காப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே பொதிய வேண்டும். புலங்களின் பெயர்கள் முன்பே தெரிந்தவை என்றால், 3.7 முதல் கிடைக்கும் டேட்டாகிளாஸை (பெயரிட்ட புலங்களில் தரவைத் தாங்கும் கிளாஸ்) ஃப்ரோசன், அதாவது மாற்ற முடியாதது, என அறிவித்து, உட்பகுதிகளையும் அவ்வாறே அமைப்பதைத்தான் நான் விரும்புவேன்; புலத்திற்கு வேறு மதிப்பு கொடுக்க முயன்றால் உடனே பிழை எழும். அடிப்படை ஆப்ஜெக்ட் கிளாஸில் புலத்திற்கு மதிப்பு தரும் செட்ஆட்டர் வழியாக அதையும் மீற முடியும். ஆனால், அப்படி எழுதுபவர் தெரிந்தே எழுதுகிறார். நீங்கள் தடுக்க வேண்டியது தெரியாமல் நிகழும் மாற்றத்தை.